ஜோடி பார்த்து வார்த்தை பிடித்த தரகன்

எங்கள் ஊரில் இந்தத் தை மாதம் வாசகசாலை திறக்கிறார்கள். முதல் நாள் பேப்பரைப் பிரித்து எல்லாருக்கும் படித்துச் சொல்லப் போகிறவன் மாட்டுத் தரகன் மருதாசலம். அவனைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் வந்தார்கள். நான் மூணாங் கிளாசோடு ஏரைப் பிடித்தவன், எழுதுகிற ஆள் நான் இல்லை என்றேன். "ஊரிலேயே அவரை அதிகமாக் கிண்டல் பண்ணினது நீங்கதானுங்க. அதனால நீங்கதான் எழுதோணும்" என்றார்கள். சரி என்று எழுத உட்கார்ந்தேன்.

மரியாதைக்கு "அவர்" என்று போடச் சொன்னார்கள். மருதாசலம் என் சம்சாரம் சௌந்திரத்துக்குப் பெரியப்பன் மகன். எனக்கு மச்சான். வயசும் ஒன்றுதான். அவனை நான் "அவர்" என்று எழுதினால், யாரைப் பற்றி எழுதியிருக்கிறாய் என்று அவனே கேட்பான். அதனால் "அவன்" என்றே எழுதுகிறேன்.

எருமப்பட்டிச் சந்தையில் மாட்டைப் பார்த்துச் சொல்வதில் அவனுக்கு மிஞ்சி ஆள் கிடையாது. சந்தைக்குப் போகாதவர்களும் இதைப் படிக்கலாம், ஆகவே தரகு வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மாட்டு விலையை வாயால் பேசமாட்டார்கள். விற்கிறவன் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. இரண்டைப் பிடித்தால் இரண்டு. கையை முழுசாகப் பிடித்து இறுக்கினால் அஞ்சு. துண்டுக்கு மேலே வாய் பாட்டுக்கு மழை பெய்ததா, மகளுக்குக் குழந்தை பிறந்ததா என்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். அடியிலே விரல் பேசுவதுதான் நிஜம். அங்கே விரல் பேசினது பேசினதுதான், மாற்றக் கூடாது.

இப்படிப்பட்டவனுக்கு இங்கிலீஷ் ஆசை வந்தது 1929 வாக்கில். ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வண்டி மாடு வாங்கச் சந்தைக்கு வந்தான். மருதாசலம் பிடித்துக்கொண்டிருந்த ஜோடியைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து குளம்பைப் பார்த்து, ஏதோ நீளமாகக் கேட்டான். கூட வந்த குமாஸ்தா அந்தச் சமயம் எங்கோ டீத்தண்ணி குடிக்கப் போயிருந்தான். துரை இரண்டு தடவை கேட்டான். மருதாசலம் நின்றான். துரை தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஜோடிக்குப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் வண்டியில் திரும்பும்போது சொன்னான்: "மாப்ளே, அவன் மாட்டைப் பத்தித்தான் கேட்டான். மாட்டைப் பத்தி ஒருத்தன் கேட்டு நான் பதில் சொல்லாம நின்னது இண்ணைக்குத்தான்."

"மாட்டுக்கு இங்கிலீஷ் தெரியுமான்னு கேட்டிருப்பான் மச்சான். உனக்கே தெரியலே, அதுக்கு எங்க தெரியப் போகுதுன்னு போயிட்டான்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவன் படித்தது நாலாங் கிளாசு. இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் தெரியும். எழுத்துக் கூட்டினால் வார்த்தை வரும், அர்த்தம் வராது. சேலம் போய் அட்டை போன ஒரு பழைய அகராதி வாங்கி வந்தான். முதல் எழுத்திலிருந்து உருப்போட்டான். மூணு மாதம் ஆச்சு, முதல் எழுத்தைத் தாண்டவில்லை. படித்த மட்டும் ஞாபகத்தில் நிற்கவுமில்லை. பிறகு ஒரு நாள் அகராதியைப் பரணில் போட்டுவிட்டு வந்து சொன்னான்: "இது சந்தையில விலை மட்டும் சொல்ற மாதிரி மாப்ளே. இந்த மாடு இத்தனை, அந்த மாடு அத்தனை. மாடு எப்படி இழுக்கும்னு இதுல தெரியாது. ஏர்ல பூட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

ஏர் அவனுக்குக் கிடைத்தது பூவாத்தாள் கடையில்.

பூவாத்தாள் சந்தையில் பொரி கடலை விற்கிறவள். நாமக்கல்லில் ஒரு வக்கீல் வீட்டில் மெட்ராஸ் இங்கிலீஷ் பேப்பர் தினமும் வரும். பழசானதும் எடைக்குப் போட்டுவிடுவார்கள். அது பூவாத்தாளிடம் வந்து, துண்டு துண்டாகக் கிழிந்து கடலைப் பொட்டலமாகும். மருதாசலம் சந்தைக்குச் சந்தை அங்கே நின்றான். பொட்டலத்தை வாங்கி, கடலையை மடியில் கொட்டிவிட்டு, காகிதத்தை நீவி நீவிப் படிப்பான்.

"ஏனுங்க தரகரே, கடலை வாங்க வந்தீங்களா, காயிதம் வாங்க வந்தீங்களா?" என்பாள் பூவாத்தாள்.

"கடலை பாதி போதும் ஆத்தா. காயிதத்தைப் பெருசாப் போட்டுக் குடு."

"பெருசாப் போட்டா எனக்குக் கட்டுமா? அடுத்தவங்களுக்கு வெறுங்கையிலயா கடலையைக் குடுக்கறது?"

ஒரு தடவை ஒரு பொட்டலத்தில் பாதிக் கப்பல் வந்தது. நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொண்டதுவரை இருக்கிறது, அதற்குக் கீழே கிழிந்துவிட்டது. கப்பலில் இருந்தவர்கள் பிழைத்தார்களா, போனார்களா? மீதிப் பொட்டலத்தை வாங்கினவள் முட்டாஞ்செட்டி ஊர் அங்காளம்மாள் என்று பூவாத்தாள் சொல்லிவிட்டாள். இவன் மூணு மைல் நடந்து போய் அந்த அம்மாளிடம் காகிதம் கேட்டிருக்கிறான். அவள் அதில் அடுப்புப் பற்ற வைத்திருந்தாள். இன்றுவரை அந்தக் கப்பல் கரை சேரவில்லை. அதைச் சொல்லி நான் அவனைக் கேலி செய்யாத நோம்பி, பண்டிகை கிடையாது.

ஆனால் அவன் வார்த்தை பிடித்த வழியை இப்போது நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. வார்த்தையை அவன் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வார்த்தையோடு எந்த வார்த்தை பூட்டியிருக்கிறது என்று பார்த்தான். "கன்சர்ன்" என்றால் கவலை. அதன் பக்கத்தில் எப்போதும் "கிரேவ்" என்ற ஒன்று வந்து நிற்கிறது, ஆகவே அது பெருங்கவலை. "ப்ரொஹிபிடட்" என்றால் தடை. அதற்கு ஜோடி "ஸ்ட்ரிக்ட்லி". "இவன் வேற மாட்டோட இழுக்கமாட்டான் மாப்ளே, பாரு" என்பான். மாட்டுச் சாளையின் சுவரில் கரியால் இரண்டு வார்த்தை எழுதி, மேலே நுகத்தடி மாதிரி ஒரு கோடு இழுத்து வைப்பான். சுண்ணாம்பு அடித்த சுவர் இரண்டு வருஷத்தில் கறுத்துப்போயிற்று. அர்த்தம் பிடிபடாத வார்த்தைக்கு மட்டும் பரணில் ஏறி அகராதியைப் பார்ப்பான்.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருந்தான். ஒரு வார்த்தையை மூணு வேறு வேறு காகிதத்தில் பார்க்காமல் வாயில் போடமாட்டான். "மாட்டை வாங்கறதுன்னா மூணு தடவை பாக்கோணும். நின்னு பாக்கோணும், நடக்க உட்டுப் பாக்கோணும், இழுக்க உட்டுப் பாக்கோணும்." அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதே கட்டுப்பாடு பின்னால் அவன் காலை வாரியது.

நான் அப்போது என்ன செய்தேன் என்றால், சிரித்தேன். என் வேலி சாய்ந்ததைப் பார்த்து "கிரேவ் கன்சர்ன்" என்றான் ஒரு நாள். "சாஞ்ச வேலிக்கு இங்கிலீஷ் வைச்சாத் தானா நிமிருமா?" என்றேன். என் சம்சாரம் உள்ளேயிருந்து, "ஏன் அண்ணனை வம்புக்கு இழுக்கறீங்க? அவரு சீட்டாடறாரா, கள்ளுக்கடைக்குப் போறாரா? காயிதந்தானே படிக்கிறாரு" என்றாள். அவள் பேச்சை நான் அப்போது காதில் வாங்கவில்லை.

1936 தை மாதம் இங்கிலாந்து ராஜா காலமானார். மெட்ராஸ் பேப்பர் நாலு பக்கமும் கறுப்புக் கோடு கட்டி வந்தது. ஒரு நாள் இல்லை, பல நாள். எங்கள் பக்கத்தில் சாவுக் கடுதாசி வந்தால் வாசலிலேயே நின்று படித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போடுவோம், வீட்டுக்குள் கொண்டு போகமாட்டோம். வக்கீல் வீட்டிலும் அப்படித்தான். கறுப்புக் கட்டின பேப்பர் ஒன்றுகூட வீட்டில் தங்க வேண்டாம் என்று மொத்தமாகக் கட்டித் தள்ளிவிட்டார்கள். பூவாத்தாள் வாங்கி வந்து சந்தையில் பொட்டலம் போட்டாள். ஒருத்தரும் கை நீட்டவில்லை. "சாவுக் காயிதத்துல சுத்தின கடலையைக் குழந்தைகளுக்குக் குடுப்பமா?" என்று திட்டிவிட்டுப் போனார்கள்.

அவள் அத்தனையும் மருதாசலம் தலையில் கட்டினாள். கிழிக்காத, முழுப் பேப்பர். ஏழு வருஷம் பாதிச் சேதி படித்தவனுக்கு முதல் தடவையாக முழுச் சேதி! தலையில் சுமந்துகொண்டு வந்தான். சித்திரை வரைக்கும் அதையேதான் படித்தான். ஒவ்வொரு வார்த்தையும் மூணு தடவை இல்லை, முப்பது தடவை வந்தது. அத்தனையும் சுவரில் ஏறிற்று. முப்பது காகிதத்தில் வந்தாலும் அது ஒரே சாவு என்பது அவனுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

அந்த வைகாசியில் மாட்டுக்கு வெக்கை நோய் வந்தது.

வெக்கையைப் பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். முதலில் மாட்டின் கண்ணில் தண்ணி வடியும். மறுநாள் வாயில் புண். அப்புறம் கழிச்சல். நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ கட்டுத்தறியில் சாய்ந்துவிடும். ஒரு மாட்டுக்கு வந்தால் பக்கத்து மாட்டுக்கும் வரும். கீழ்த்தெருவில் நாலு மாடு போயிற்று. சந்தையை மூடிவிட்டார்கள், மருதாசலத்துக்கும் வேலை இல்லை. எனக்கு அப்போது ஆறு உருப்படி. ஒரு ஜோடிக் காளை, இரண்டு பசு, ஒரு கன்று, ஒரு எருமை. ஆடியில் உழவில்லை என்றால் அந்த வருஷம் எனக்குக் கஞ்சி இல்லை. ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான்.

தடுப்பு ஊசி இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். மாட்டு டாக்டர் ஒருத்தர், ஊர் நூறு. எங்கள் மணியக்காரர் தமிழில் மூணு தடவை எழுதிப் போட்டார். எல்லா ஊரிலிருந்தும் அதே மாதிரி போயிருக்கும். யாரும் வரவில்லை. "சேலத்துப் பெரிய ஆபீசுக்கு நேரா இங்கிலீஷ்ல எழுதினா எடுத்துப் பாப்பாங்க" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் மருதாசலத்தைப் பார்த்தார்கள்.

நான்கூடப் பார்த்தேன். "ஏழு வருஷம் கடலை தின்னதுக்கு இப்பவாச்சும் ஒரு பலன் வருதான்னு பாக்கலாம்" என்றேன்.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினான். இரண்டு பக்கம். மணியக்காரர் கையெழுத்துப் போட்டார், நாங்கள் கைநாட்டு வைத்தோம். தபாலில் போயிற்று.

எட்டாம் நாள் காலையில் என் பில்லைப் பசுவுக்குக் கண்ணில் தண்ணி வடிய ஆரம்பித்தது. அதே நாள் பத்து மணிக்கு ஊருக்குள் சர்க்கார் வண்டி ஒன்று வந்தது. நான் ஓடினேன். ஊரே ஓடிற்று.

வண்டியிலிருந்து காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியும் போட்ட இளவயசு அதிகாரி இறங்கினார். கையில் ஊசிப் பெட்டி. கும்பிட்டோம். "லட்சுமி அம்மாள் எந்த வீடு?" என்று கேட்டார்.

உண்ணாமலைக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. அவள் ஒண்டிக்கட்டை. "என்ற லட்சுமி போயிட்டாளுங்க சாமி! நாலு பெத்தவளுங்க! போன மாசம்வரைக்கும் ரெண்டு படி பால் குடுத்தவளுங்க!"

அதிகாரி பின்பாதியைக் காதில் வாங்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டே, "நாலு குழந்தைங்களா? எல்லாம் இப்போ எங்கே?"

"மூணைச் சந்தையில வித்தாச்சுங்க. ஒண்ணு கட்டுத்தறியில நிக்குது."

அவர் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.

"அடுத்தது மயிலை" என்றார், குனிந்து அதை எடுத்துக்கொண்டு. "வயசு என்ன?"

"ஆறு பல்லுங்க" என்றார் மணியக்காரர். மாட்டு வயசைப் பல்லில்தானே சொல்வோம்.

அப்புறம்தான் அவர் சட்டைப் பையிலிருந்து எங்கள் கடுதாசியை எடுத்தார். எடுத்துத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தார். "ஆழ்ந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்வது. எங்கள் ஊரைச் சேர்ந்த மயிலை, செவலை, காரி, லட்சுமி ஆகிய நால்வரும் சில நாள் நோயுற்றிருந்து, அமைதியாக இவ்வுலகை விட்டு நீங்கினார்கள். உழைப்பே வாழ்வாகக் கொண்டவர்கள். ஊரார் அனைவரையும் மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டார்கள். மேலும் பலர் அபாய நிலையில் படுத்திருக்கிறார்கள்." படித்துவிட்டு எங்களைப் பார்த்தார். "நான் சுகாதார இன்ஸ்பெக்டர். காலரான்னு நினைச்சு என்னை அனுப்பியிருக்காங்க. இது மனுஷங்களுக்குப் போடற ஊசி. இதுல மாடுன்னு ஒரு வார்த்தை எங்கேயாவது இருக்கா?"

மருதாசலம் கூட்டத்தின் பின்னாலிருந்து, "மயிலைன்னா மாடுதானுங்களே" என்றான்.

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பில்லையின் கண்தான் முன்னால் நின்றது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவன் தோள் துண்டைப் பிடித்தேன். "என்ற மாட்டைக் கொன்னுபோட்டியேடா! எட்டு நாள் போச்சே! உன்ற கடலைக் காயிதத்தை நம்பி எட்டு நாள் போச்சே!"

அவன் துண்டை விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. "ஆமா மாப்ளே" என்றான்.

சௌந்திரம் நடுவில் வந்தாள். ஊர் பார்க்க அவள் என்னிடம் குரல் உயர்த்தினது அன்று ஒரு தடவைதான். "உடுங்க அவரை! லெட்டர் எழுத நீங்க போனீங்களா? ஊர்ல வேற ஆரு போனாங்க? கைநாட்டு வெச்சுட்டு ஊட்ல வந்து படுத்தீங்க."

விட்டுவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் கோபக்காரர் இல்லை. கொஞ்ச நேரம் தொப்பியால் விசிறிக்கொண்டு நின்றார். "மாட்டுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா நாளைக்குக் காலையில சேலத்துல இருப்பேன். மாட்டு டாக்டருக்கு மேலே இருக்கிற பெரியவர் கையில நேராவே கொடுக்கிறேன். நானே எழுதட்டுமா?"

எழுதுங்கள் சாமி என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மருதாசலம் முந்திக்கொண்டான். "வேண்டாமுங்க. நீங்க எழுதினா அது உங்க லெட்டருங்க. மாட்டைக் கண்ணுல பாக்காதவர் எழுதின லெட்டரு. தப்பு எழுதினவன் நானு, நானே எழுதறனுங்க."

"முன்னே மாதிரி எழுதினா சிரிச்சுட்டுக் கூடையில போட்டுடுவாங்க. இன்னொரு தடவை யாரும் பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டாங்க. தெரிஞ்சுக்கோ."

"தெரியுதுங்க."

இன்ஸ்பெக்டருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. அவர் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் எழுத வேண்டும். மருதாசலம் தன் சாளைக்குப் போனான். கோபம் ஆறவில்லை என்றாலும் நானும் பின்னாலேயே போனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ப்ரொஃபவுண்ட்" என்றால் ஆழ்ந்த. அதற்கு ஜோடி "சாரோ", துயரம். நுகத்தடி போட்டு நின்றது. அதன் பக்கத்தில், கீழே, மேலே, தை மாதத்துக்கு அப்புறம் ஏறினதெல்லாம் அதே சாதி. "அஞ்சு மாசமா நான் ஒரே எழவு ஊட்லயே குடியிருந்திருக்கறேன் மாப்ளே" என்றான்.

திடீரென்று திரும்பி வெளியே ஓடினான். வண்டியில் இன்ஸ்பெக்டரின் படுக்கைக்கு அடியில் அந்த வாரத்துப் பேப்பர் ஒன்று கிடந்தது. கேட்டு வாங்கி வந்தான். வடக்கே ஏதோ ஆற்றில் வெள்ளம் என்று ஒரு சேதி இருந்தது. நின்றுகொண்டே படித்தான், மறுபடி படித்தான். மூணாவது தடவை எனக்கும் சொன்னான். இத்தனை கிராமத்தில் தண்ணி, இத்தனை வீடு விழுந்தது, இத்தனை பேரைக் காணோம், உடனே படகு வேண்டும்.

"ஊரே முழுகுது மாப்ளே. ஆனா இவன் அழுவலே பாத்தியா? எத்தனைன்னு சொல்றான், என்ன வேணும்னு சொல்றான், வாயை மூடிக்கறான்." என் முகத்தைப் பார்த்தான். "துண்டுக்குள்ள பேசற மாதிரி பேசறான். நானு துண்டுக்கு மேல பேசற பேச்சை எழுதி அனுப்பிச்சுட்டேன்."

உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். விரலை மடக்கி மடக்கி வீடு வீடாகப் போனான். ஊரில் எந்தக் கட்டுத்தறியில் என்ன நிற்கிறது என்று தரகனுக்குத் தெரியாமல் இருக்குமா? "செத்தது ஒம்பது. படுத்தது பதினாலு, உன்ற பில்லையோட சேத்து. நிக்கிறது நூத்து இருவத்தஞ்சு."

"நூத்து இருவத்திநாலு" என்றேன். நானும் காலையில் எண்ணியிருந்தேன்.

"மாதையன் ஊட்டு எருமை விடியக்காலம் கன்னு போட்டுது."

எழுதினான். அஞ்சே வரி. முதல் வரியிலேயே மாடு என்று எழுதினான். அப்புறம் மூணு எண்ணிக்கை. அப்புறம் ஊரின் பெயரும், எருமப்பட்டியிலிருந்து எந்தத் திசையில் எத்தனை மைல் என்பதும். அந்த வெள்ளச் சேதியில் கண்ட "இம்மீடியட்" என்ற வார்த்தையை எடுத்துக் கடைசி வரியில் போட்டான். உடனே என்று அர்த்தம். "மூணு காயிதத்துல பாக்காம ஒரு வார்த்தையைப் புடிக்கறது இண்ணைக்குத்தான்" என்றான்.

இன்ஸ்பெக்டர் கை கழுவிக்கொண்டு வந்து படித்தார். சிரிக்கவில்லை. முன்னதைப் பெட்டியில் போட்டார், இதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

வந்ததுக்கு வந்தோம் என்று, போகிற முன் எங்கள் எல்லாருக்கும் காலரா ஊசியைப் போட்டார். கத்தரிப்பூ நிறத்துப் பொடியை இரண்டு கிணற்றிலும் கரைத்தார். கையை வீங்க வைத்துவிட்டுப் போகிறானே என்று நாங்கள் முணுமுணுத்தோம். அந்த ஆடியில் சுற்று வட்டாரத்தில் வாந்திபேதி வந்து எத்தனையோ பேரைக் கொண்டுபோயிற்று. எங்கள் ஊரில் ஒருத்தர்கூடப் போகவில்லை. அதையும் மருதாசலத்தின் தப்புக் கடுதாசி கணக்கில்தான் எழுத வேண்டும். பதினோரு வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

மூணாம் நாள் உச்சிப்பொழுதில் மாட்டு டாக்டர் வந்தார். இரண்டு ஆள், இரண்டு பெட்டி. வண்டியை விட்டு இறங்கும்போதே, "நூற்று இருபத்தைந்தும் நிக்குதா?" என்றுதான் கேட்டார். இரண்டு நாள் தங்கி ஒவ்வொரு கட்டுத்தறியாகப் போய் ஊசி போட்டார். நோய் பிடித்துப் படுத்ததற்கு ஊசி கேட்காது என்றார். என் பில்லை அவர் வந்த மறுநாள் போயிற்று. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். ஆனால் நின்றிருந்த நூற்று இருபத்தஞ்சில் மூணுதான் போயின. ஆடியில் எங்கள் ஊரில் ஏர் பூட்டினார்கள். மேற்கே இரண்டு ஊரில் மனுஷர்கள் மண்வெட்டியால் கொத்தினதை நான் பார்த்தேன்.

அப்புறம் மருதாசலம் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகவில்லை, கோட்டு மாட்டவில்லை. தரகுதான் செய்தான். ஆனால் சுற்றி எட்டு ஊரில் கடுதாசி எழுத அவன் வாசலுக்கு வந்தார்கள். யார் வந்தாலும் முதலில் "எத்தனை?" என்று கேட்பான். அப்புறம் "என்ன வேணும்?" இரண்டுக்கும் பதில் இல்லாதவனை, யோசித்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவான். பூவாத்தாள் அவனுக்காக வாரம் ஒரு பேப்பரைக் கிழிக்காமல் எடுத்து வைப்பாள். உலகச் சண்டை நடந்த வருஷங்களில் சந்தையில் அவன் பேப்பரைப் பிரித்தால் வியாபாரம் நின்றுபோகும். ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து வேறொரு துரை வந்தபோது மாட்டின் குளம்பு, பல், சுழி எல்லாம் இங்கிலீஷில் சொன்னான். துரை ஜோடியை வாங்கிக்கொண்டு போனான். சாளைச் சுவரில் துக்க வார்த்தைகள் இருந்த பக்கத்தைச் சுண்ணாம்பு அடித்து அழிக்கச் சொன்னேன். "இருக்கட்டும் மாப்ளே. ஒரு நாளைக்குத் தேவைப்படும். மாட்டுக்கு மட்டும் பூட்டக் கூடாது" என்றான்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த வருஷம் ஆவணியில் சந்தையைத் திறந்தார்கள். நான் விற்கவும் போகவில்லை, வாங்கவும் போகவில்லை. மாடு இல்லாமல் கையை வீசிக்கொண்டு போனேன். மருதாசலம் புளியமரத்தடியில் நின்றிருந்தான். அவன் துண்டைப் பிடித்து ஊர் பார்க்கக் கத்தினவன் நான். அன்றைக்கு அப்புறம் அவனிடம் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியிருக்கவில்லை. என் துண்டை எடுத்து அவன் கையின் மேல் போட்டேன். அடியில் என் கையை விட்டு, அவன் கையை முழுசாகப் பிடித்து இறுக்கினேன்.

தரகன் பழக்கம், அவன் வாய் தன்பாட்டுக்கு ஆரம்பித்தது. "மழை எப்படி மாப்ளே உங்க காட்டுப் பக்கம்?"

"பரவாயில்லை. ரெண்டு உழவு ஓட்டியாச்சு."

"அஞ்சுங்கறே. மாடு எங்கே?"

"ஊட்ல நிக்குது. அஞ்சும் நிக்குது" என்றேன்.

அவன் என்னைப் பார்க்காமல் கொல்லிமலைப் பக்கம் பார்த்தான். கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. துண்டுக்கு மேலே இரண்டு பேரும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.